பற்றவைத்து மூடிய கதவின் முன் ஆள் எண்ணியது குறித்து

அனுப்புநர்:
கார் சீட்டு உறை தைப்பவள்,
கடைசித் தெரு, கடைசி வீடு (பின்சுவருக்கு எதிரில்).

பெறுநர்:
உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்,
புறநகர்ச் சாலைகள் பிரிவு.

பொருள்: குடியிருப்பின் பின்சுவரில் மூடப்பட்ட நடைக்கதவைத் திறக்கக் கோருதல் – மூன்றாம் முறை.

பார்வை: தங்கள் அலுவலகத்தின் இரண்டு பதில்கள். இரண்டிலும் ஒரே வரி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில், ‘இவரைக் கண்டால் உடனே தகவல் தரவும்’ என்ற எழுத்துக்குக் கீழே ஒரு படம் ஒட்டியிருக்கிறார்கள். பின்சுவரின் உச்சியில், பக்கத்துக்கு ஒரு காலாகத் தொங்கப் போட்டுக்கொண்டு, கையில் ஃபிளாஸ்க்குடன் உட்கார்ந்திருக்கும் அந்த நபர் நான்தான் என்பதைத் தாழ்மையுடன் ஒப்புக்கொள்கிறேன். ஏறும்போது இருந்த ஏணி இறங்கும்போது இல்லை. படத்தில் முகம் தெளிவாக இல்லாததால் பலரும் அது ஒரு ஆண் என்று நினைக்கிறார்கள். சங்கத் தலைவர் அதை என்னிடமே காட்டி, ‘அக்கா, நீங்க கடைசி வீடு, கொஞ்சம் உஷாரா இருங்க’ என்று சொல்லிவிட்டுப் போனார். இருக்கிறேன்.

2. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தங்கள் பதில் கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படித்துத்தான் இப்படி எழுதப் பழகினேன். ஆகவே இந்த மனுவில் ஏதாவது விளங்காவிட்டால் அது அங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று பொறுத்தருளவும். கார்கள் மீது எனக்குப் பகை இல்லை. என் சோறே காரில்தான் இருக்கிறது. இங்கே ஒரு வீட்டுக்கு இரண்டு கார். அத்தனை சீட்டுக்கும் உறை தைப்பது நான். குப்பையைத் தெருமுனைத் தொட்டியில் போடுவதற்குக் காரை எடுக்கிற வீட்டையும் நான் அறிவேன். அந்தக் குப்பையில் பாதி சீட்டுக்கு அடியிலேயே தங்கிவிடுவதையும் அறிவேன்.

3. இந்தக் குடியிருப்பில் தெருக்கள் அகலமாக இருக்கின்றன. ஓரத்தில் நடப்பதற்கென்று ஒரு சாண் இடம் கிடையாது. யாராவது நடந்தால் கார் பக்கத்தில் வந்து மெதுவாகும். ‘என்னாச்சு, வண்டி ரிப்பேரா?’ என்று கேட்பார்கள். இல்லை, சும்மாதான் நடக்கிறேன் என்றால் முகம் மாறிவிடும். நோய் என்றோ கடன் என்றோ நினைத்துக்கொள்கிறார்கள். பட்டப்படிப்பு படித்தவர்கள்.

4. பின்சுவருக்கு அந்தப் பக்கம் கடைத்தெரு. அங்கே மருந்துக்கடை, பேருந்து நிறுத்தம், வாடகைக் கார் ஓட்டுபவர்கள் உட்காரும் டீக்கடை எல்லாம் உண்டு. டீ ஆற்றும் சத்தம் என் தையல் மெஷின் வரைக்கும் கேட்கும். சுவரில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இரும்புக் கதவு இருந்தது. வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், ரொட்டிக்காரர், என் வீட்டுக்காரர் எல்லோரும் அதன் வழியாகத்தான் போய்வந்தார்கள். ‘வெளியாட்கள் வருகிறார்கள்’ என்று தலைவர் எழுதிக் கொடுக்க, தங்கள் ஆட்கள் வந்து அதை வெல்டிங் செய்து பற்றவைத்துவிட்டார்கள். இப்போது அந்த டீக்கடைக்குப் போவதென்றால் முன்வாசல் வழியாக வெளியேறி, நெடுஞ்சாலையில் ஏறி, பாலத்துக்கு அடியில் திரும்பி, மறுபடி இறங்கி வர வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற இந்த வேலைக்குத் தங்கள் வரைபடத்தில் ‘இணைப்புச் சாலை’ என்று பெயர். வேலைக்கு வரும் பெண்கள் லாரிகளுக்கு ஓரமாக அதில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறார்கள். தலைவர் வீட்டுப் பாத்திரங்கள் மதியம் வரை தொட்டியில் கிடக்கின்றன. அந்த இரண்டாவது விஷயத்தில் எனக்கு வருத்தம் இல்லை.

5. என் வீட்டுக்காரர் முப்பது வருடம் வாடகைக் கார் ஓட்டியவர். இந்த ஊரையே ஏற்றி இறக்கியவர். போன வருடம் அவர் பார்வையின் நடுவில் ஒரு மங்கல் விழுந்தது. நடக்கலாம், ஓட்டக்கூடாது என்றார் கண் மருத்துவர். அதற்கு அவர் அதிகம் கலங்கவில்லை. காலையில் கதவு வழியாகப் போவார், பழைய கூட்டாளிகளோடு டீ குடிப்பார், அவர்கள் ஏற்றிய சவாரிகளின் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு வருவார். கதவை மூடியதிலிருந்து எங்கும் போவதில்லை. எங்கள் கார் வாசல் சரிவில், வீட்டைப் பார்த்து, பின்பக்கம் சுவரைக் காட்டி நிற்கிறது. காலையில் அதில் ஏறி உட்காருகிறார். கண்ணாடியைத் திருப்புகிறார், கியரைத் தள்ளிப் பார்க்கிறார், ஹேண்ட் பிரேக்கை இறக்கி ஏற்றுகிறார். அந்தப் பயத்தில்தான் பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு கல் வைத்திருக்கிறேன். சாப்பிடக் கூப்பிட்டால் இறங்குகிறார். வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. நான் கேலி செய்தால் பதிலுக்குக் கேலி செய்கிறவர், இப்போது ‘சரி’ என்கிறார். ஐயா, கல்யாணமான இருபத்தெட்டு வருடத்தில் நான் சொன்ன எதற்கும் அவர் சரி என்றதில்லை.

6. தலைவர் இரக்கப்பட்டு ஒருநாள் தன் காரில் டீக்கடைக்கு அழைத்துப் போனார். வழி நெடுக இவர் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ‘அங்கிள், ஓட்டறது நான்’ என்றாராம் தலைவர். ‘அதான் தம்பி மிதிக்கிறேன்’ என்றாராம் இவர். அதற்குப் பிறகு அழைப்பு இல்லை. அந்த டீயையாவது கொடுக்கலாம் என்றுதான் ஃபிளாஸ்க்கோடு சுவர் ஏறினேன். கொண்டுவந்த டீயைக் குடித்துவிட்டு, ‘அங்க யாரு யாரு இருந்தாங்க?’ என்று கேட்டார். டீயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

7. இனி தங்கள் பதிலுக்கு வருகிறேன். ‘கள ஆய்வு செய்ததில் மேற்படி கதவைப் பயன்படுத்துவோர் எவரும் இல்லை எனக் கண்டறியப்பட்டது.’ அந்தக் கள ஆய்வை நான் என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கதவைப் பற்றவைத்துப் பதினைந்து நாள் ஆன பிறகு தங்கள் அலுவலர் காரில் வந்தார். இறங்கவில்லை. கதவைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தி, குளிர்ந்த காற்றில் அரை நாள் உட்கார்ந்து, எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணினார். நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். ஒரு விரல் அகலம் இறக்கினார். ‘சார், கதவு மூடியிருக்கு. அப்புறம் எப்படி ஆள் வருவாங்க?’ என்றேன். ‘அதைத்தாம்மா நானும் எழுதியிருக்கேன், யாரும் வரல’ என்றார். பிறகு, பக்கத்தில் டீ எங்கே கிடைக்கும் என்று கேட்டார். சுவரைக் காட்டினேன். ‘இதுக்கு அந்தப் பக்கம்’ என்றேன். காரை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை. பாலத்துக்கு அடியில் திருப்பத்தைத் தவறவிட்டிருப்பார், எல்லோரும் தவறவிடுவார்கள்.

8. செத்துப்போன மெஷின் முன்னால் உட்கார்ந்து, தையல் விழவில்லை, ஆகவே யாருக்கும் சட்டை தேவையில்லை என்று எழுத எனக்குத் தெரியாது. அதற்கு மேல்படிப்பு வேண்டும் போலிருக்கிறது. இரண்டாவது மனுவுக்கு ஆய்வுகூட இல்லை. முதல் ஆய்வையே பார்த்து எழுதிவிட்டார்கள். ஆகவே தாங்களே ஒருமுறை வந்து, காரிலிருந்து இறங்கி, இரண்டு காலிலும் நின்று, அந்தக் கதவைப் பார்த்துத் திறக்க உத்தரவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரிய வேலை இல்லை. பற்றவைத்தவரையே கூப்பிட்டால் போதும். அவர் அந்தப் பக்கத்து டீக்கடையில்தான் இருப்பார்.

9. பின்சேர்க்கை. மேலே உள்ளதை வாசலில் உட்கார்ந்து எழுதி முடித்தபோது காற்று அடித்தது. தாள்கள் பறக்காமல் இருக்க, கைக்கு எட்டிய கல்லை எடுத்து மேலே வைத்தேன். அது எந்தக் கல் என்பதை அப்போது யோசிக்கவில்லை. என் வீட்டுக்காரர் வழக்கம்போல் ஹேண்ட் பிரேக்கை இறக்கினார். கார் பின்னால் போய், தெருவைக் கடந்து, கதவுக்குப் பக்கத்தில் சுவரில் மோதி நின்றது. தெருவில் யாரும் இல்லை. ‘எவரும் இல்லை’ என்று தாங்கள் எழுதியது அந்த ஒரு நிமிடத்துக்குச் சரி. காருக்குப் பின்விளக்கு ஒன்று போயிற்று. சுவரில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கிறது. அதில் எவ்வளவு சிமென்ட் போட்டிருந்தார்கள் என்பது இப்போது நன்றாகத் தெரிகிறது. அது குறித்துத் தனி மனு தருகிறேன். காரை அவரே சுவரிலிருந்து நான்கடி தள்ளி நிறுத்தினார். மருத்துவர் சொன்னது எங்களுக்கு நினைவிருக்கிறது. இனி ஓட்ட மாட்டார்.

ஆகவே எட்டாம் பத்தியில் உள்ள கோரிக்கையைத் திருத்திக்கொள்கிறேன். கதவைத் திறக்க வேண்டாம். ஓட்டையை அடைக்காமல் இருந்தால் போதும். அவருக்கு அடி ஏதும் இல்லை. இறங்கினார், சட்டையைத் தட்டிக்கொண்டார், அதன் வழியாக டீக்கடைக்குப் போனார். ஃபிளாஸ்க்கை எடுத்துப் போகச் சொன்னேன். முடியாது என்றார்.

நாள்: செவ்வாய்க்கிழமை
இடம்: சுவருக்கு இந்தப் பக்கம்

இப்படிக்கு,
கடைசி வீட்டுக்காரி
(ஒப்பம்)