நாமுஞ்சிலாவுக்குப் போகாத முடிவுகள்

மார்ச் 4, லுசாக்கா
மறுபடியும் அதே கூத்து. எங்கள் ரத்த வங்கியிலிருந்து, தானமாக வந்த ரத்தப் பைகளின் பரிசோதனை முடிவுகளை மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் மென்பொருள் பாதியில் முடங்கிவிடுகிறது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் திறமூல மென்பொருள்தான், ஆனாலும் காசு கட்டி சப்போர்ட் வாங்கியிருக்கிறோம். வாங்கச் சொன்னவன் நான். அவர்கள் பதில்: "கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் மெய்நிகர் கணினியிலா வைத்திருக்கிறீர்கள்? இதே கோளாறை நிஜக் கணினியில் வரவழைத்துக் காட்டுங்கள். பிறகு பார்க்கிறோம்."

வீடு எரியுதுன்னா, பக்கத்து வீட்டையும் கொளுத்திக் காட்டுங்கிறான்.

மார்ச் 6
நாமுஞ்சிலா ஆஸ்பத்திரி சிஸ்டர் லுயாண்டோ போன்.

"தம்பி, ஃப்ரிட்ஜ்ல ரத்தம் இருக்கு. உங்க முடிவு வராம ஒரு பையைத் தொட முடியாது. பிரசவக் கேஸ் ஒண்ணு கிடக்கு. நான் என்ன, பையைப் பாத்துக் கும்பிட்டுட்டு நிக்கவா?"

போனில் சொல்கிறேன் என்றேன். எழுத்தில் வராமல் ரத்தம் ஏற்றக்கூடாதாம். முடிவுகளைக் கையால் எழுதி மினிபஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன்.

மார்ச் 7
தாள் போய்ச் சேரத் தாமதம். அந்தப் பெண் பிழைத்துவிட்டாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். முதல் பிரசவம்.

மார்ச் 12
சப்போர்ட்காரர்களோடு சண்டை போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. பழைய நிஜக் கணினி ஒன்றைத் தூசி தட்டி அதே மென்பொருளை ஓடவிட்டேன். கோளாறே வரவில்லை. "எங்கள் பக்கம் தவறில்லை" என்று புகாரை மூடிவிட்டார்கள்.

இயக்குநர் சித்தாலி மேடம்: "நீ சொன்னேன்னுதான் இதுக்கு மாறினேன். இந்த மாசத்துக்குள்ள சரியாகலைன்னா பழைய கம்பெனிகிட்டயே போறேன்."

போகட்டும்.

மார்ச் 14
மின்வெட்டு. கூட வேலை பார்க்கும் கபாசோ நிஜக் கணினியை அணைத்தான். மெய்நிகர் கணினியை அணைக்கவில்லை. ஓடியபடியே உறைய வைத்தான்.

"ஏன்டா அதை மட்டும்?"

"நீதானே சொன்ன. அணைச்சா எழும்ப நேரமாகும், தூங்க வச்சாப் போதும்னு. இப்ப எங்கிட்டயே கேக்குற."

கரண்ட் வந்ததும் எழுந்தது — வெட்டுக்கு முந்தின மணியைக் காட்டிக்கொண்டு. மணி பிந்திய கணினி அனுப்புவதை மறுமுனை ஏற்காது. அவ்வளவுதான் கோளாறு. அணைத்து எழுப்பும் நிஜக் கணினிக்கு இது வராது.

நான் சொன்ன வழக்கம். தினம் தினம் வெட்டு. நிஜக் கணினியில் போட்டுப் பார்னு சப்போர்ட்காரன் நாலாம் தேதியே சொன்னான். அன்னிக்கே செஞ்சிருந்தா? நான் சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன்.

மார்ச் 15
இனி உறைய வைப்பதில்லை. எழுந்ததும் மணியைச் சரிபார்த்த பிறகே அனுப்பும். மேடத்திடம் காரணத்தைச் சொன்னேன். என்னையே பார்த்தார்.

மார்ச் 29
எல்லாம் ஒழுங்காகப் போகிறது. பழைய கம்பெனிக்காரனை வர வேண்டாம் என்றுவிட்டார் மேடம்.

சிஸ்டர் லுயாண்டோ கூப்பிட்டார். முடிவு வரவில்லையா என்றேன்.

"வந்திருக்கு. இருந்தாலும் நீ ஒருதரம் வாயால சொல்லு."

ஒவ்வொரு பை எண்ணாக, நிதானமாகப் படித்தேன்.