தீபம் தெரியும் கட்டில்

டிசம்பர் 2
நாளை தீபம். ஊருக்குள் கால் வைக்க இடமில்லை. ஆட்டோ கிடைக்காமல் வேங்கிக்கால் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பாதி தூரம் நடந்தேன். லீவு கேட்ட நர்ஸ்கள் ஜாஸ்தி. "ஹபீபுன்னிசா சிஸ்டர் இருக்காங்க, பாத்துக்குவாங்க" — என்னைக் காட்டி எல்லாருக்கும் இந்த ஒரே பாட்டு.

டிசம்பர் 3
யா அல்லா, இப்படியா ஆகணும்.

ஆண்கள் வார்டில் ஜன்னலோர ஏழாம் நம்பர் கட்டில் முருகையனுடையது, சர்க்கரை நோயாளி. பக்கத்தில் எட்டில் காய்ச்சலுக்கு வந்த பெரியவர் மண்ணாங்கட்டி. மலையில் தீபம் ஏற்றுவதைப் பார்க்கணும் என்று பெரியவர் ஏங்க, முருகையன் கட்டிலை விட்டுக்கொடுத்திருக்கிறார். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. கேஸ் ஷீட் பழைய கட்டிலிலேயே தொங்கியது. நாங்கள் பேர் சொல்லியா கூப்பிடுகிறோம்? ஏழாம் நம்பர், எட்டாம் நம்பர்தான். புதிதாகச் சேர்ந்த சினேகா ஏழாம் நம்பருக்கு இன்சுலின் போட்டுவிட்டாள்.

வெளியே அரோகரா சத்தம். உள்ளே பெரியவருக்குச் சர்க்கரை இறங்கி, வேர்த்து ஊற்றிப் பேச்சு குழறியது. குளுக்கோஸ் ஏற்றினோம். கண் திறக்கும்வரை எனக்கு உயிரே இல்லை.

டிசம்பர் 4
பெரியவர் இட்லி சாப்பிட்டார். நடந்ததை மறைக்காமல் சொன்னோம். "நாந்தானே கட்டில் மாறினேன். அந்தப் பொண்ணைத் திட்டாதீங்கம்மா" என்றார்.

சினேகா எதுவும் சாப்பிடவில்லை.

டிசம்பர் 5
"அந்தப் பொண்ணை அனுப்பிடலாம் சிஸ்டர்"னு மேனேஜர் அன்பரசன் சுலபமா சொல்றார். எனக்கு வந்துச்சே கோவம்!

"அவளை அனுப்பிட்டா அடுத்த தீபத்துக்கு யாரும் கட்டில் மாற மாட்டாங்களா சார்? வார்டு முழுக்க ரெண்டே நர்ஸு. நான் இருந்தாலும் அதே ஊசியத்தான் போட்டிருப்பேன்."

பயிற்சிக்கு நேரமும் இன்னொரு ஆளும் கேட்டேன். "பாக்கலாம்" என்றார். விட்டேனா?

சினேகா வேறு — "இனி ஊசியே தொட மாட்டேன்க்கா. கீழ்பென்னாத்தூர்ல அப்பாகூட கடலைக் கொல்லையில மல்லாட்டை ஆயப் போறேன்." அழுதழுது முகமே வீங்கியிருக்கு. போகாதே என்று சொல்ல நான் யார்? ஆனாலும் சொன்னேன்.

டிசம்பர் 8
அன்பரசன் ஒருவழியாக இறங்கி வந்தார். பயிற்சி தொடங்கியது. நோயாளிகள் எல்லாருக்கும் மணிக்கட்டில் பெயர்ப்பட்டை. ஆனாலும் நோயாளியே தன் பேரைச் சொல்லணும், நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. இன்சுலின் என்றால் இரண்டு பேர் பார்க்கணும். சினேகா வந்தாள், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அப்புறம் வார்டில் ஊசியை எடுத்தவள் திரும்ப ட்ரேயிலேயே வைத்துவிட்டாள். மறுபடி எடுக்கும்வரை பக்கத்தில் நின்றேன்.

பெரியவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

டிசம்பர் 9
சினேகா லீவு. ஊருக்குப் போயிருக்கிறாள். வருவாளா?

டிசம்பர் 12
மலையில் தீபம் இன்னும் எரிகிறது. காலையில் தலைவலியோடு முருகையனுக்கு இன்சுலின் போடப் போனேன். இரண்டாவது ஆளாகப் பார்க்க, ஊரிலிருந்து திரும்பிய சினேகா. தினம் பார்க்கிற ஆள்தானே என்று கையை நீட்டச் சொன்னேன்.

"அக்கா, பேரு கேக்கலியே நீங்க."

எல்லார் முன்னாலும்! மூக்குக்கு மேல் வந்த கோபம் வந்த வேகத்தில் போய்விட்டது. கேட்டேன். "முருகையன்தாம்மா, வேற யாரு" என்று அவர் சிரித்தார். சினேகா சிரிக்கவில்லை, பட்டையைப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் என்னைப் போட விட்டாள்.

மத்தியானம் ஊரிலிருந்து கொண்டுவந்த அவித்த மல்லாட்டையை நீட்டினாள். "நீ ஆஞ்சதா?" என்றேன்.

"அப்பா ஆஞ்சது. எனக்கு டூட்டி இருக்குல்லக்கா."