அன்னபேதி மூட்டை

அன்புள்ள என்னங்க,

நீங்கள் கண்ணை மூடிய பிறகும் நம் உரக்கடை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உரிமம் என் பெயருக்கு மாற ஒரு படிப்பு முடிக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்புக்குப் போகிறேன். அதில் ஒரு ஞாயிறு பௌர்ணமி, ஆட்டோ விடவில்லை. கிரிவலக் கூட்டத்துக்கு எதிரே நடந்தே போய்ச் சேர்ந்தேன். “இந்த வயசுல உனக்குப் படிப்பா?” என்று நீங்கள் சிரிப்பது காதில் விழுகிறது.

போன வாரம் சேர்மங்களுக்குப் பெயர் வைக்கும் பாடம். சோடியம் சமர்த்து, எங்கே போனாலும் ஒரே மின்சுமைதான். இரும்பு அப்படி இல்லை. ஓரிடத்தில் இரண்டு, இன்னோரிடத்தில் மூன்று. அதனால் வெறுமனே இரும்பு சல்பேட் என்றால் போதாது. இரும்பு(II) சல்பேட்டா, இரும்பு(III) சல்பேட்டா என்று சொல்லியே ஆகவேண்டும். முதலாவது FeSO₄. இரண்டாவதற்கும் அதையே எழுதிவிட்டு முழித்தேன். சல்பேட்டுக்குச் சுமை இரண்டு, இரும்புக்கு மூன்று. இரண்டு இரும்பு, மூன்று சல்பேட் என்று சேர்த்தால் ஆறில் வந்துதான் இரண்டும் சரியாகின்றன. Fe₂(SO₄)₃ என்று எழுத வேண்டுமாம்.

அப்புறம் வாத்தியார் சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இரும்புச் சத்து இல்லாம மஞ்சளான பயிருக்கு அடிக்கிற நம்ம அன்னபேதி இருக்குதுங்களே, அது இரும்பு ரெண்டு. பச்சையா இருக்கும். காத்து பட்டு பழுப்பாயிடுச்சுன்னா மூணா மாறிட்டு வருதுன்னு அர்த்தம். அத இலையில அடிச்சா பிரயோஜனம் கம்மி.”

நேரே கடைக்குப் போய் மூலையில் இருந்த அன்னபேதி மூட்டையைப் பிரித்தேன். முழுக்கப் பழுப்பு. போன வருஷம் கீழ்பென்னாத்தூர் சரோஜாவின் மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடி மஞ்சளானபோது அப்போதே பழுப்பேறியிருந்த இதே மூட்டையிலிருந்துதானே அள்ளிக் கொடுத்தீர்கள்? பச்சை திரும்பவில்லை என்று அவள் வந்து நின்றாள். “சுண்ணாம்பு மண்ணும்மா, மருந்து என்ன பண்ணும்?” என்றீர்கள். அவளும் நம்பித் திரும்பிப் போனாள்.

உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? இதை நான் யாரிடம் போய்க் கேட்பேன்? தெரிந்திருந்தால் உங்களுக்குச் சோறு இறங்கியிருக்காது என்று நினைக்கிறேன். அப்படி நினைக்கத்தான் ஆசைப்படுகிறேன். உங்கள் போட்டோவைப் பார்த்தால் கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது.

நேற்று சரோஜா மறுபடி வந்தாள். இந்த வருஷமும் பயிர் மஞ்சள். “அண்ணன் குடுத்தாரே, அந்த மருந்தையே குடுங்க அண்ணி” என்றாள். நான் விஷயத்தைச் சொல்லியிருந்தும் உங்கள் தம்பி மூட்டையை இழுத்தார். “குடுத்துடலாம் அண்ணி, யாருக்குத் தெரியப் போவுது?” என்று என் காதருகில் சொன்னார்.

“வாணாம் தம்பி” என்றேன். பிறகு அவளிடம், “இது கெட்டுப்போச்சும்மா. போன வருஷம் குடுத்ததும் இதேதான். உன் மண்ணு மேல தப்பில்ல” என்று சொல்லிவிட்டேன். உங்கள் பெயரை நானே கெடுத்துக்கொண்டு நிற்கிறேனே என்று இருந்தது.

அவள் மூட்டையில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். அப்புறம், “அண்ணன் தெரிஞ்சு குடுத்திருக்க மாட்டாரு” என்றாள். கல்லாவில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன்.

அந்த மூட்டையை விற்கமாட்டேன். புதுச் சரக்கு வந்ததும் நானே அவள் நிலத்துக்கு எடுத்துப் போவேன். பயிர் பச்சை கட்டினால் முதலில் உங்களிடம்தான் வந்து சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி,
வசந்தா