நான் சொன்ன எண்

டோர்ட்மண்ட்
15.01.2007

அன்புள்ள தங்கச்சி,

வீட்டுக்கு ஒரு பிள்ளை போருக்கு வரவேண்டும் என்று இயக்கம் அறிவித்த அன்று, நீ உன் பிள்ளைகள் சேயோன், யதுசா இருவரின் பெயரையும் துண்டுகளில் எழுதி மடித்து வரிசையாய் வைத்துவிட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தாய். "அக்கா, என்ர கையால எடுக்க ஏலாது. ஒண்டோ ரெண்டோ, நீங்கள் சொல்லுங்கோ."

மடத்தனம் என்று உன்னைப் பேசினேன். வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பேசிய வாயாலேயே "ரெண்டு" என்றும் சொன்னேன். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம்.

சேயோனின் பெயர் வந்ததும், யதுசா தப்பினாள் என்று ஒரு கணம் ஆறுதல்பட்டேன்.

அவன் உன் முகத்தைப் பாராமலே போனான் என்று எழுதியிருக்கிறாய். முகாமில் அவனைப் பார்க்க விட்டால், எண்ணைச் சொன்னது பெரியம்மாதான் என்று சொல்லு. என்மேல் கோபப்படட்டும், உன்னோடு கதைக்கட்டும்.

உன் அக்கா