படகுத்துறை பேக்கரி

பிப்ரவரி 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

போனில் சொல்லலாமென்றால் சலூன்காரர் வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். தும்மினால்கூடத் துறைமுகம்வரை போய்விடும். அதனால்தான் கடிதம்.

தீவுக்கு வந்துபோகும் படகின் கேன்டீனுக்கு ரொட்டியும் பன்னும் நாங்கள்தான் கொடுக்கிறோம் என்று எழுதியிருந்தேனே, அன்றைக்குப் பிடித்தது இந்தத் தெருவின் பொறாமை. கடைக்குக் கண்ணாடிக் கதவு போட்டதும் முற்றிவிட்டது. "உங்களுக்கென்னம்மா, கப்பலே உங்க வாசல்ல வந்து நிக்குது" என்கிறார் சலூன்காரர். வாய் சிரிக்கிறது, கண் சிரிக்கவில்லை. போன வாரம் டீச்சர் வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. எங்கள் பன்னைத் தின்றதால்தானாம். யார் சொன்னது என்றால், "எல்லாரும் சொல்றாங்க." இந்த 'எல்லாரும்' எந்த வீட்டில் குடியிருக்கிறார் என்றுதான் தெரியவில்லை.

அத்தான் விடியற்காலையில் மாவு பிசைகிறார். சாயங்காலம் மிஞ்சியதைக் கோழிக்குப் போடுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறதடி. லீவு கிடைத்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போ.

உன் அக்கா


பிப்ரவரி 17

பிரியமுள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் படித்ததிலிருந்து வார்டில் வேலையே ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் தினம் பார்க்கிறேன், குழந்தைகளுக்கு வயிறு கெட ஆயிரம் காரணம். ஆனாலும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மாவு ஏதும் பழையதாக வந்துவிட்டதா? சும்மாதான் கேட்கிறேன்.

எதற்கு இந்தத் தலைவலி? கடையைக் கொடுத்துவிட்டு இங்கே வந்துவிடுங்கள். இங்கிருக்கும் பெரிய பேக்கரிகளில் அத்தானைக் கையோடு சேர்த்துக்கொள்வார்கள். யோசி அக்கா. லீவு இப்போதைக்கு இல்லை.

உன் தங்கச்சி


மார்ச் 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

மாவு புதிது. நான் சொல்லி நீ நம்ப வேண்டாம், சுகாதார ஆபீசரே சொன்னார். யாரோ புகார் எழுதிப் போட்டிருக்கிறார்கள். மூட்டை, தண்ணீர்த் தொட்டி, ஓவனுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். தெருவே எதிரில் நின்றது. அவர் கேட்காமலே நான் ஒவ்வொரு டப்பாவையும் திறந்து காட்டினேன். தப்பு செய்யாதவள் ஏன் பயப்பட வேண்டும், சொல்.

"சுத்தமா இருக்கும்மா, ஒரு குறையும் இல்ல" என்று சத்தமாகவே சொல்லிவிட்டுப் போனார். கூட்டம் கலைந்தது. ஒருத்தரும் உள்ளே வரவில்லை. கெட்ட பேச்சு டீ ஆறுவதற்குள் தீவைச் சுற்றியது. நல்ல பேச்சு எங்கள் வாசற்படியைத் தாண்டவில்லை.

சாயங்காலம் படகு டிக்கெட் கவுண்டரை மூடிவிட்டு நம் அண்ணன் நேரே வந்தார். ஆறுதல் சொல்ல வந்தார் என்று நினைத்து டீ போட்டேன். "பேர் கெட்டுப்போச்சு, இனிமே ஓடாது. வெளியாளுக்கு எதுக்கு? என்கிட்டயே கொடுத்துடு. தங்கச்சியும் அதைத்தான் சொல்றா" என்றார்.

தட்டு கழுவிக்கொண்டிருந்த அத்தான் திரும்பினார். "மச்சான், டிக்கெட் வாங்க வர்றவங்ககிட்டல்லாம் எங்க பன்னைத் தொடாதீங்கன்னு சொன்னது நீங்கதானாமே? கேன்டீன்காரர் சொன்னார்."

"எல்லாரும் சொன்னதைத்தான் நானும் சொன்னேன்" என்றார் அண்ணன். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அவரை விடு. நீ சொல். கடையைக் கொடுத்துவிடச் சொல்லி எழுதினாயே, யார் வாங்கப் போகிறார் என்று அப்போதே உனக்குத் தெரியுமா?

உன் அக்கா


மார்ச் 11

அக்கா,

தெரியும். அண்ணன் போனில் சொன்னார். கடை நம் குடும்பத்தைவிட்டுப் போகக்கூடாது என்றார். எனக்கும் நியாயமாகப் பட்டது. பேச்சைக் கிளப்பியதே அவர்தான் என்பது சத்தியமாகத் தெரியாது.

ஆனால் உன் கண்ணாடிக் கதவை அவர் கிண்டல் செய்தபோது நானும் சிரித்தேன். வாடகை அறையில் தனியாக உட்கார்ந்து, நீ அனுப்பிய கடைப் படத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தேன். உன்னிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

திட்டி எழுது அக்கா. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் தங்கச்சி


மார்ச் 24

தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். கடையை விற்கவில்லை. நேற்று டீச்சரம்மா வந்து ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு போனார். வெயில் அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
அக்கா