பதினொரு மதிப்பெண்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவைக் கேட்டால் உண்மை வராது, நீங்களே எழுதுங்கள்.

இங்கே ஒரு சின்னக் கூத்து. முதலாண்டுப் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்துகிறேன். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஒன்றில் இந்த நாட்டு மொழி தத்தளித்தது. சொன்ன விஷயமோ அவ்வளவு கூர்மை. எழுபத்திரண்டு போட்டேன். அதைச் சரிபார்த்த பேராசிரியர் கூப்பிட்டு, "எனக்கு ஒண்ணுமே புரியலை. உனக்கு மட்டும் எப்படிப் புரிஞ்சுது?" என்றார்.

எழுதிய பிள்ளை தமிழில் யோசித்திருக்கிறது, அதனால் புரிந்தது என்றால், நம்ம ஆளுக்கு அள்ளிப் போட்டதாக ஆகிவிடும். அதற்குப் பதிலாக பதினொரு மதிப்பெண்ணை நானே குறைத்தேன். அடுத்த மாதம் என் ஆய்வேட்டைத் திருத்தப்போவதும் அவர்தான்.

தலைவலித் தைலம் இரண்டு அனுப்புங்கள். அதோடு, கொஞ்சம் நீளமாக எழுதுங்கள். நேற்று உங்கள் கடிதத்தைக் கட்டுரைக் கட்டின் மேலேயே வைத்துப் படித்தேன். மடிக்கும்போதுதான் பார்த்தேன், சிவப்புப் பேனாவால் இரண்டு இடத்தில் வட்டம் போட்டிருக்கிறேன்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது அப்பா.

உங்கள் மகள்