தோஃபினி ஐயாவின் நிலத்தில் பதினொரு மாங்கன்றுகள்

பிந்தாவின் அப்பாவுக்கு,

நீங்கள் சந்தையிலிருந்து திரும்பும்போது நான் வயலில் இருப்பேன். கம்புக் களியும் பாவோபாப் கீரைக் குழம்பும் சட்டியில் மூடி வைத்துள்ளேன். நேற்று இரவு கோபத்தில் சாப்பிடாமல் படுத்துவிட்டீர்கள். தயவுசெய்து இன்றாவது சாப்பிடவும்.

நண்பகலில் தோஃபினி ஐயா தம் நிலத்தைப் பார்க்க வருகிறார். முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பிறகு பேசுங்கள். தவறு என்னுடையது என்றே கூறுங்கள். அவர் கோபமாக இருக்கிறார் என்று மட்டுமே நேற்றுச் சொன்னேன். முழுவதையும் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

"சோளம் போட்ட, கம்பு போட்ட, நான் ஏதாச்சும் கேட்டேனாம்மா? இரவல் நிலத்துல மரம் வெச்சா நிலமே உன்னதுன்னு ஆயிடும். நாளைக்கு உன் மக வந்து, எங்கம்மா வெச்ச மரம்னு என் மகனை வெரட்டுவா. நான் வரும்போது ஒரு கன்னு நின்னாலும், அறுவடையோட கெளம்பிடுங்க" என்றார்.

கிளம்பினால் நமக்குப் போக்கிடம் இல்லை. நம் ஊரில் மழை பொய்த்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே மாங்கன்றுகள் பதினொன்றையும் நானே பிடுங்கிவிடுகிறேன்.

எழுத்தில் பிழை இருப்பின் பொறுத்தருளவும்.

இங்ஙனம்,
ரஸ்மாத்தா

பிந்தாவை என்னுடன் வயலுக்கு அழைத்துச் செல்கிறேன். தேட வேண்டாம்.

"என்னைக் கேக்காம எதுக்கு நட்ட?" என்று நேற்றுக் கேட்டீர்கள். சென்ற கோடையில் நீங்கள் வயலில் மயங்கி விழுந்தபோது, இழுத்துக் கிடத்த ஒரு நிழல்கூட இல்லை. மாலைவரை என் துணியை உங்கள்மேல் விரித்துப் பிடித்தபடி நின்றேன். இனி எந்தக் கோடையிலும் அப்படித்தான் நிற்க வேண்டியிருக்கும்.